நகல் அல்லாத ஆறாம் எண்

1963ஆம் வருடம் ஆகஸ்டு 18, ஞாயிற்றுக்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். கிணற்றில் பதினான்கு வாளி இறைத்துத் தொட்டியை நிரப்பினேன். ஐந்தரைக்குக் காப்பி. ஆறு மணிக்குள் இரண்டு பேனாக்களையும் வெந்நீரில் கழுவி, ஒன்றில் கறுப்பு மையும் மற்றதில் நீல மையும் நிரப்பித் துடைத்து வைத்தேன். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். கரி கொஞ்சம் ஈரமாக இருந்ததால் பத்து நிமிடம் கூடுதலாயிற்று. ஏழு மணிக்கு நாலு இட்லி, மிளகாய்ப் பொடி. ஏழே காலுக்கு மஞ்சக்குப்பத்து வீட்டிலிருந்து புறப்பட்டு, கெடிலம் பாலம் தாண்டி, திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்கு நடந்தேன். வானம் மூட்டம். மழை இல்லை.

இவ்வளவும் அன்றைய நாட்குறிப்பில் உள்ளபடி. கையில் துணிப்பை, பையில் ஒரு காகிதக் கட்டு, கட்டுக்குள் ஒன்பது கதைகள் என்பதும் அதில் இருக்கிறது. அந்த ஒன்பதில் எட்டுக்கு நான் நகல் எடுத்தவன், ஆறாவதை எழுதியவனே நான் என்பது மட்டும் காலையில் எழுதிய குறிப்பில் இல்லை. நாட்குறிப்பு வைக்க ஆரம்பித்து அப்போது இருபது வருடம். தெரிந்தே ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டது அன்று காலையில்தான்.

கோர்ட்டில் எனக்கு நகல் பிரிவில் உத்தியோகம். காப்பியிஸ்ட் என்பார்கள். தமிழ்ப் பத்திரங்கள், வாக்குமூலங்கள் எல்லாம் கையால்தான் நகல் ஆகும். மூலத்தில் உள்ளது உள்ளபடி வரவேண்டும். தப்பு இருந்தால் தப்போடு, அடித்தல் இருந்தால் அடித்தலோடு. எழுதி முடித்ததும் ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் நகலைப் பார்த்து வருவார். அதன் பிறகு அடியில் 'நகல் எடுத்தது', 'ஒப்பிட்டது' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அந்த இரண்டு வார்த்தை இல்லாத காகிதம் எங்கள் பிரிவிலிருந்து வெளியே போகாது. என் எழுத்தில் போன எந்த நகலும் பிழை என்று திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

அந்த வருடம் பிப்ரவரியில் சிதம்பரம் தெற்கு வீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், ஒரு வீட்டு வழக்கின் தீர்ப்பு நகலை வாங்க வந்தார். வாங்கியவர் போகாமல் கவுண்ட்டரிலேயே நின்று இரண்டு பக்கம் படித்தார்.

"இது யாரு எழுத்து?"

"என்னுதுதான். ஏன், பிழை ஏதும் இருக்கா?"

"பிழையா! கேஸு தோத்துப்போச்சு சார் எனக்கு. ஆனா படிக்கப் படிக்க ஜெயிச்ச மாதிரி இருக்கு."

சிதம்பரத்தில் ஓர் எழுத்தாளர் வட்டம் இருப்பதாகவும், தன் கடை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடுவதாகவும், இரண்டு மாதத்துக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துவதாகவும் சொல்லி, "அவசியம் வாங்க" என்றார். எழுத அழைக்கிறார் என்று நினைத்தேன். முதல் கூட்டத்துக்கு என் கதை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். போய் உட்கார்ந்ததும் பாய் எல்லோரிடமும் சொன்னார்: "கதை எழுத நம்மகிட்ட ஆளு ஜாஸ்தி. அதைப் படிக்கற மாதிரி எழுதித்தர ஆளு இல்லாம இருந்துச்சு. இப்ப வந்துட்டாரு." எல்லோரும் கைதட்டினார்கள். கதையை எடுக்காமலேயே திரும்பிவந்தேன்.

ஆனால் அந்த வேலை சின்ன வேலை அல்ல என்பது ஒரு மாதத்தில் தெரிந்துபோயிற்று. வட்டத்தில் என்னைச் சேர்த்து ஏழு பேர். அவர்களுக்கு ஒரு முறை உண்டு. எழுதியதைப் பெயர் போடாமல் எனக்குத் தபாலில் அனுப்புவார்கள். பெயர் தனிச் சீட்டில் இருக்கும். எல்லாவற்றையும் நான் என் எழுத்தில் எழுதி, எண் மட்டும் கொடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோவேன். பாய் வாசிப்பார். கையெழுத்து ஒன்றே என்பதால் எழுதியவர் யார் என்று தெரியாது; தெரியாததால் எல்லோரும் வாய்க்கு வந்ததைத் தயங்காமல் சொல்வார்கள். எழுதியவரும் கூடவே உட்கார்ந்து, யாரோ எழுதியதுபோல் கேட்டுக்கொள்ள வேண்டும். கடைசியில் கை தூக்கி முடிவு. தேறியதைத் தைத்து, காலிகோத் துணி போர்த்திய அட்டை ஒட்டி, ஒரே ஒரு பிரதி. அது சிதம்பரத்தில் ஆரம்பித்துப் பரங்கிப்பேட்டை, புவனகிரி, கடலூர் என்று வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் மூன்று நாள். பின்னால் வெற்றுத்தாள் பத்து, படித்தவர்கள் அபிப்பிராயம் எழுத. வந்த தேதி, அனுப்பிய தேதி போட ஒரு பட்டியல் உள்ளட்டையில் உண்டு. பட்டியலைப் போட்டுக் கொடுத்தது நான்.

விதிகளையும் நான்தான் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். அதுவரை அவை வாய்ப்பேச்சாக இருந்தன. நான்காவது விதி: முடிவு எடுக்கும் முன் எழுதியவர் இன்னார் என்று தெரிந்துவிட்டால், அந்த எழுத்து ஏற்கப்படாது, மறுபடியும் கொண்டுவரவும் கூடாது. இந்த விதி கண்டிப்பானது. ஒரு மருந்துக்கடை கம்பவுண்டர் எங்களில் ஒருவர். துப்பறியும் கதை எழுதுவார். ஜூன் மாதக் கூட்டத்தில் அவர் கதையைப் பாய் பாதி வாசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருந்தவரிடம், "தோட்டக்காரன் இல்ல, டாக்டர்தான்" என்று சொல்லிவிட்டார். கதை போயிற்று. இரண்டு மாத உழைப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழக்கதோஷம் காரணமாக ஒவ்வொரு கதைக்கும் அடியில் 'நகல் எடுத்தது, ஒப்பிட்டது' என்று எழுதிவிடுவேன். ஒப்பிடுவது என் மனைவி. அவள் சமையலறையில் உட்கார்ந்து மூலத்தை உரக்கப் படிப்பாள். நான் நகலைப் பார்ப்பேன். பாய் கூட்டத்தில் கதையை முடித்ததும் அந்த இரண்டு வார்த்தையையும் கோர்ட் குமாஸ்தா குரலில் வாசிப்பார். காதல் கதையானாலும் சாவுக் கதையானாலும் அதற்கு ஒரு சிரிப்பு உண்டு. "முத்திரை வில்லை ஒட்டாததுதான் பாக்கி" என்பார் கம்பவுண்டர்.

இரண்டு இதழ் இப்படி எழுதினேன். மூன்றாவதற்கு எட்டு எழுத்துகள் வந்திருந்தன. நடுவில், ஆறாம் எண்ணாக, என்னுடையதை வைத்தேன். சீட்டில் என் பெயரை எழுதி மற்றச் சீட்டுகளோடு உறையில் போட்டேன். விதிக்கு மாறாக எதுவும் இல்லை.

பண்ருட்டிப் பக்கத்து அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு பலாமரத்துக்காகப் பதினோரு வருடம் கோர்ட்டுக்கு வந்து போகிற கதை. ஒரே பஸ்ஸில் வருவார்கள். உள்ளே எதிரெதிர் நிற்பார்கள். மத்தியானம் வேப்பமரத்தடியில் ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். நிஜத்தில் அது முந்திரித் தோப்பு, ஊரும் வேறு. முந்திரியைப் பலா ஆக்கிய அன்றைக்கு என் கை ஒரு நிமிடம் நின்றது. இருபத்தொரு வருட உத்தியோகத்தில் இருப்பதை இல்லாததாக நான் எழுதியதே கிடையாது. கடைசிப் பத்தியாகப் பதினொரு வரியில், சகோதர பாசத்தைப் பற்றியும் மண்ணாசையைப் பற்றியும் நான் நினைத்ததை எழுதினேன். அதைத்தான் அதிகம் திருத்தினேன், நான்கு முறை.

எனக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. அந்தக் கதை தேறாவிட்டால் இனி எழுதுவதில்லை, நகல் எடுப்பதோடு நிறுத்திக்கொள்வது என்று தீர்மானித்திருந்தேன். தீர்மானம் செய்தால் மாற்றுகிறவன் அல்ல நான். அதனால் பாசஞ்சரில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் போனது தெரியவில்லை.

கூட்டம் பத்தரைக்குத் தொடங்கியது. மாடியில் ஜமக்காளம் விரித்து, மூலையில் துணிக் கட்டுகளைத் தள்ளிவைத்திருந்தார்கள். ஒன்று முதல் ஐந்து வரை மத்தியானத்துக்குள் முடிந்தன. மூன்று தேறின, இரண்டு இல்லை. சாப்பாடு ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்தது. நான் தயிர்சாதம். மூன்று மணிக்கு மேல் பாய் ஆறாம் எண்ணை எடுத்தார்.

நோட்டு எழுதுகிறவன் என்பதால் எனக்குக் குனிந்தே இருக்க ஒரு காரணம் இருந்தது. பாய் நன்றாக வாசிப்பார். அண்ணனுக்கு ஒரு குரல், தம்பிக்கு ஒரு குரல். முதல் பக்கத்தில் யாரும் அசையவில்லை. இரண்டாம் பக்கத்தில், தம்பி பஸ்ஸில் முன்னதாக ஏறி அண்ணனுக்குத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற இடத்தில் கம்பவுண்டர் சிரித்தார். பொட்டலத்தைப் பிரிக்கிற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் நோட்டில் தேதியின் மேலேயே மறுபடி தேதி எழுதினேன். கடைசிப் பத்திக்கு வந்ததும் பாயின் குரல் கொஞ்சம் வேகம் எடுத்தது. முடித்துவிட்டு, வழக்கமான கோர்ட் குரல் எதுவும் இல்லாமல், தாளைக் கீழே வைத்தார்.

"இந்த அண்ணன் தம்பிய நான் பாத்திருக்கேன்யா," என்றார். "என் கடையிலயே வேட்டி எடுப்பானுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பீஸுல கிழிக்கணும். கிழிக்கும்போது யாருக்கு ஒரு விரக்கடை ஜாஸ்தின்னு சண்டை போடுவானுங்க."

"தம்பி துண்டு போடுறான் பாருங்க மாமா, அது ஒண்ணு போதும்," என்றார், பாயை மாமா என்றே கூப்பிடும் கம்பவுண்டர்.

எங்களில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை உண்டு. டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் நல்லது என்று சொன்ன கதைகளை ஒரு கை விரலில் எண்ணலாம். அவர் சொன்னார்: "எல்லாம் சரி. அந்தக் கடைசி பாரா எதுக்கு? கதை முடிஞ்சு எல்லாரும் செருப்பு மாட்டிக்கிட்டுப் போற நேரத்துல, நிக்க வெச்சுப் பிரேயர் சொல்ல வெக்கிறாரு."

"டீச்சருக்கு வேற யாரு நீதி சொன்னாலும் புடிக்காது," என்றார் கம்பவுண்டர். "அவுங்க வேலைய எடுத்துக்கிட்ட மாதிரி இருக்கும்."

"நான் சம்பளம் வாங்கிக்கிட்டுச் சொல்றேன் கம்பவுண்டரே. இந்த ஆளு இனாமா சொல்றாரு. இனாமா சொன்னா யாரு கேப்பா?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். காது மட்டும் சுட்டது. நான்கு முறை திருத்திய பத்தி.

"அந்த பாராவ எடுத்துட்டா?" என்று பாய் கேட்டார்.

"எடுத்துட்டா நல்ல கதை. நல்ல கதைன்னா, ரொம்ப நல்ல கதை. ஆனா எழுதினவரு எடுப்பாரான்னு தெரியலையே. அதுலதான் அவரு ஜாஸ்தி மெனக்கெட்டிருக்காரு."

கடைசிப் பத்தியை நீக்கிக்கொண்டு ஏற்கலாமா என்று பாய் கேட்க, ஐந்து கைகள் உயர்ந்தன. டீச்சர் தூக்கவில்லை. எனக்குக் கை தூக்கும் வேலை கிடையாது. நோட்டில் எழுதினேன்: 'ஆறாம் எண். கடைசிப் பத்தி நீக்கி ஏற்கப்பட்டது. ஆதரவு ஐந்து.' அந்த வரியை இப்போதும் எடுத்துப் பார்க்கிறேன். 'ஏற்கப்பட்டது' என்ற வார்த்தை மற்ற இடங்களைவிடப் பெரியதாக இருக்கிறது.

டீச்சர் தாளைக் கையில் வாங்கினார். பத்தி எங்கே தொடங்குகிறது என்று காட்டத்தான் வாங்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். ஏழாம் எண்ணை எடுத்து அதன் அடியைப் பார்த்தார்.

"இதுல 'நகல் எடுத்தது' இல்லையே," என்றார்.

நான் அதை எழுதவில்லை. எழுதலாமா என்று முந்தின வாரம் யோசித்துப் பார்த்தேன். எழுதும்போதே மாற்றி மாற்றி எழுதிய காகிதம் அது. மூலம் என்று ஒன்று தனியாக இல்லை, ஒப்பிடவும் இல்லை. செய்யாததைச் செய்ததாக எழுதிக் கீழே ஒப்பம் வைக்க என்னால் முடியவில்லை. அந்த இரண்டு வார்த்தை இல்லாததே என்னைக் காட்டிக்கொடுக்கும் என்பது மட்டும் அப்போது தோன்றவே இல்லை.

"மறந்திருப்பாரு," என்றார் பாய்.

"இவரா?" என்றார் கம்பவுண்டர். "மாமா, நீங்க நேத்துச் சாப்பிட்டத மறப்பீங்க. இவரு போன வருஷம் சாப்பிட்டத நோட்டப் பாத்துச் சொல்வாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது வாய்வரை வந்தது. "அது நகல் இல்லை," என்றேன்.

கீழே வீதியில் ஒரு ஜட்கா போனது.

"அடப்பாவி மச்சான்!" என்று பாய் தொடையில் தட்டினார். அதுவரை அவர் என்னை சார் என்றுதான் கூப்பிட்டு வந்தார். உடனே அவர் முகம் மாறியது. "அப்ப நாலாவது விதி?"

நான் எழுதிய விதி. "விதிப்படி விலக்கிடலாம்," என்றேன்.

"இருங்க, இருங்க," என்றார் கம்பவுண்டர். ஜூன் மாதத்தில் கதை பறிபோனவர் அவர். விதியைப் பிடித்துக்கொள்ள அவருக்குத்தான் உரிமை. "முடிவு எடுக்கறதுக்கு முன்னால தெரிஞ்சாத்தானே? நோட்டுல எழுதியாச்சா?"

"எழுதிட்டேன்."

"எப்ப?"

"டீச்சர் தாளை வாங்கறதுக்கு முன்னால."

"அப்பறம் என்னா? கோர்ட்டு நோட்டு. எழுதினத அடிக்கற ஆளா இவரு?"

பாய் டீச்சரைப் பார்த்தார். கை தூக்காத ஒரே ஆள் அவர்தான். டீச்சர் தாளை நான்காக மடிக்கப் போய், மடிக்காமல் என்னிடமே நீட்டினார். "செல்லும்," என்றார். "ஆனா ரெண்டு விஷயம். அந்தப் பாராவ நான் வெட்ட மாட்டேன், நீங்களே விட்டு எழுதி அனுப்பணும். அப்பறம், பத்திரிகையில இதை நான்தான் எழுதுவேன். சொந்தக் கதைக்கு சொந்தக்காரரே நகல் எடுத்தா கை சும்மா இருக்காது. புதன்கிழமைக்குள்ள வந்து சேரணும்."

மீதி மூன்று எண்களும் முடிந்தபின், தேறியவற்றைத் தைக்க உட்கார்ந்தோம். பாய் காலிகோ கிழித்தார். கம்பவுண்டர் மைதாப் பசை காய்ச்சிக்கொண்டு வந்தார். கடையில் பசை காய்ச்சிப் பழகிய கை. நான் ஊசியில் நூல் கோத்து, துளைகளுக்கு அளவு குறித்துக் கொடுத்தேன். ஆறாம் எண்ணுக்கு மட்டும் நான்கு தாள் வெறுமையாக விட்டுத் தைத்தோம். "இது மச்சானுக்கு ரிசர்வ் பண்ணின சீட்டு," என்றார் பாய். அந்த நான்கு தாளையும் நான் விரலால் எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. மறுபடி எண்ணினேன்.

திரும்பும் ரயிலில் கதையை எடுத்துப் படித்தேன். கிள்ளை வரைக்கும் டீச்சர் சொன்னது தப்பு என்று இருந்தது. பரங்கிப்பேட்டை தாண்டியதும் பதினொரு வரியில் எட்டு வரி வேண்டாம் என்று பட்டது. மிச்சம் மூன்று வரியைக் காப்பாற்ற வழி உண்டா என்று புதுச்சத்திரம் முதல் கடலூர் ஜங்ஷன் வரை பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி எட்டு. கை கால் கழுவிக்கொண்டு மனைவியிடம், "ஆறாம் எண் தேறிடுச்சு," என்றேன்.

"எது, நீங்க எழுதினதா?"

நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"எட்டுதான் எனக்குப் படிக்கக் குடுத்தீங்க. கட்டுல ஒன்பது இருந்துச்சு. எனக்கு எண்ணத் தெரியாதா?" என்று தட்டை வைத்தாள். "என்னா சொன்னாங்க?"

"ரொம்ப நல்ல கதைன்னு டீச்சர் சொன்னாங்க." கடைசிப் பத்தியைப் பற்றியும் சொன்னேன். முன்பாதியை மட்டும் சொல்வது சரியல்ல.

"டீச்சரா? அந்தம்மாவா சொல்லிச்சு?" என்று இரண்டாம் தடவை கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகவே இன்னும் ஒரு முறை சொன்னேன். சாப்பிட்ட பின் நாட்குறிப்பை எடுத்து, காலையில் எழுதாமல் விட்டதை ஒரு வரியில் சேர்த்து, சேர்த்த நேரத்தையும் குறித்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்து, முதல் வேலையாக, கிணற்றுப் பக்கம் போவதற்கும் முன்னால், விளக்கைப் போட்டு மேஜையில் உட்கார்ந்தேன். கதையை முதல் வரியிலிருந்து புதுத்தாளில் எழுதினேன். தம்பி பஸ்ஸில் துண்டு போட்ட இடத்தில் எதையும் மாற்றவில்லை. பதினொரு வரியையும், அந்த மூன்று உட்பட, விட்டுவிட்டேன். கடைசிப் பக்கத்தில் பாதி காலியாக இருந்தது. அதன் அடியில் ஒன்றும் எழுதாமல் மடித்து, உறையில் போட்டு, டீச்சர் விலாசம் எழுதி, ஆறு மணித் தபால் எடுப்பதற்கு முன் பெட்டியில் சேர்த்தேன்.